ரேடியேட்டரில் ஊற்றிய ரப்பர் பால்

ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நானில்லை என்பது உங்கள் ஃபோர்மேனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அனுப்பியிருக்கிறார். ஆகையால் பழியை அவர் மேல் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

வால்வை எப்படி உட்கார வைப்பது, பிளக்கை எப்படித் துடைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தைப் பார்க்காமல் செய்து கெடுத்தால் திட்டுவதற்கு ஃபோர்மேன் இருக்கிறார். நான் எழுதப்போவது ஒரு தண்ணீர் ஒழுகலைப் பற்றி. ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த ஒழுகல் அது.

முப்பதுகளின் தொடக்கம். லுக்குட் டவுனிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரைவர். டிரைவர் என்றால் அந்தக் காலத்தில் ஓட்டுகிறவன், கழுவுகிறவன், பழுது பார்க்கிறவன், பழுதாகும்போது திட்டு வாங்குகிறவன் எல்லாம் ஒரே ஆள்தான். துரை தனக்குப் புதுக் கார் வாங்கிக்கொண்டு, பழையதைத் தோட்டத்து வேலைகளுக்கென்று எங்கள் தலையில் கட்டிவிட்டார். துணிக் கூரை, பித்தளை ரேடியேட்டர், ஒரு பக்கம் மட்டும் மூடும் கதவுகள். மேட்டில் ஏறும்போது அது விடுகிற பெருமூச்சைக் கேட்டால் இறங்கித் தள்ளலாமா என்று நமக்கே தோன்றும்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி இருந்தது. தண்ணீர் குடிக்கும். காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் மாலையில் பாதி இருக்காது. நிறுத்தி வைத்த இடத்தில் ரேடியேட்டருக்கு நேர் கீழே தரை நனைந்திருக்கும். ரேடியேட்டரில் ஓட்டை என்று துரை சொன்னார். துரை சொன்னதால் கணக்கெழுதுகிற கிராணி சொன்னார். கிராணி சொன்னதால் தோட்டமே சொன்னது. நானும் அந்தப் பித்தளையைத் தடவித் தடவி ஓட்டையைத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. கழற்றி லுக்குட்டில் ஈயம் வைக்கிற சீனரிடம் கொண்டுபோகலாமா என்று துரையிடம் கேட்டால், தினமும் தண்ணீர் ஊற்ற உனக்குக் கை வலிக்கிறதா என்று கேட்பார். வலிக்கவில்லை என்று நானும் வந்துவிடுவேன்.

ரப்பர் தோட்டத்தில் ஒழுகல் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. எல்லோரிடமும் ஒரே மருந்துதான். வாளி ஓட்டையா, பாலைத் தடவு. தகரக் கூரை ஒழுகுகிறதா, துணியைப் பாலில் நனைத்து ஒட்டு. சைக்கிள் டியூப்பா, செருப்பு வாரா, எதுவானாலும் பால். பால் என்றால் ரப்பர் மரத்துப் பால். அந்த மருந்தின் பெரிய பக்தர் எங்கள் ஸ்டோர் மண்டோர் முனியாண்டி. மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், கொண்டுவரும் பாலை வாங்கி, தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட்டாக அடித்துப் புகை போடுகிற ஸ்டோருக்கு அவர்தான் தலைவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

“டிரைவரே, ஒரு கோப்பை பால் ஊத்துனாப் போதும்லா. ஓட்டை எங்க இருக்குன்னு நாம தேட வேணாம். பாலே தேடிக்கும்.”

“மண்டோரே, உங்க ஸ்டோர நீங்க பாருங்க. என் கார நான் பாத்துக்கிறேன்.”

“பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க” என்பார் அவர்.

மண்டோருக்கு ஒரே பெண், அஞ்சலை. பால்வெட்டு வேலை. ஷீட் ஏற்றிப்போக லுக்குட்டிலிருந்து ஒரு லாரி வரும். அதில் மூட்டை ஏற்றுகிற ஆளாக வருபவன் பழனி. பால் ஊற்ற ஸ்டோருக்கு வரும்போது அவன் லாரி வழியை மறைத்து நிற்கிறது என்று அஞ்சலை அவனோடு சண்டை போடுவாள். லாரி வழியை மறைக்காத நாளிலும் சண்டை போடத் தொடங்கியதும் அவளுடைய தாயார் கவனித்துவிட்டார். பேசி முடித்தார்கள். தேதியும் வைத்தார்கள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பு பழனியின் வீட்டில் ஒரு சாவு விழ, கல்யாணம் தள்ளிப்போயிற்று. பழனிக்குத் தகப்பன் இல்லை, பெரியப்பாதான் எல்லாம். சகுனம் பார்ப்பதில் அந்தப் பெரியப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனை திரும்பி வரும்வரை நிற்கிறவர். “இன்னொரு தடங்கல் வந்துச்சுன்னா சாமிக்கே இஷ்டமில்லன்னு அர்த்தம். குறிச்ச முகூர்த்தத்துல தாலி ஏறலைன்னா நாங்க எந்திருச்சிடுவோம்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சொன்னால் செய்கிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் தேதி குறித்த நாளிலிருந்து அஞ்சலைக்குச் சோறு இறங்கவில்லை என்று தாயார் என்னிடமே சொல்லி அழுதிருக்கிறார்.

கல்யாணம் லுக்குட் மாரியம்மன் கோயிலில். பெண்ணை அழைத்துப்போகத் துரை பழைய காரைக் கொடுத்தார். மண்டோருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தோட்டத்திலிருந்து காரில் போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண் அதுவரை கிடையாது. மற்ற ஜனமெல்லாம் விடியுமுன்னே மாட்டு வண்டிகளில் கிளம்பிப் போய்விட்டது. காரில் அஞ்சலை, தாயார், தோழிப்பெண்ணாக அவளோடு மரம் வெட்டுகிற பாக்கியம், முன்னால் என் பக்கத்தில் மண்டோர். பின்னால் கட்டிய பெட்டியில் சீர்த் தட்டுகள், பித்தளைக் குடங்கள், குத்துவிளக்கு.

அன்று காலை கொட்டகையில் காரின் கீழே தரை காய்ந்து கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தினமும் இருமுகிற ஆள் ஒருநாள் இருமாமல் படுத்திருந்தால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்க மாட்டோமா? மூடியைத் திருகப் போனேன். அதற்குள் மண்டோர் வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமாக வந்து நின்றார்.

“தண்ணி நானே ரொப்பிட்டேன் டிரைவரே. கழுத்து வரைக்கும் நிக்குது. நீங்க ஏறுங்க.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. பெண்ணைப் பெற்றவரின் சிரிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் மூடியில் வைத்த கையை எடுக்குமுன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டார்கள். திருஷ்டி கழித்த பிறகு வண்டி நிற்கக் கூடாதாம். கிளப்பு, கிளப்பு என்று லயத்து வீடுகளிலிருந்த கிழவர்கள்வரை கத்தினார்கள். கிளப்பினேன்.

பாதி வழியில் ஒரு மேடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். உச்சிக்குக் கொஞ்சம் இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் புகைந்தது. உள்ளே தடதடவென்று உலை கொதிக்கிற சத்தம். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். மண்டோர் என்னை முந்திக்கொண்டு குதித்தார்.

“மூடியத் திறங்க டிரைவரே!”

“தொறந்தா மூஞ்சி வெந்துரும்.”

“அப்ப மேல பச்சத் தண்ணிய ஊத்துங்க!”

“ஊத்துனா இஞ்சின் விரிஞ்சிரும்.”

“அப்ப என்னதான் செய்யிறது?”

“சும்மா இருக்கிறது” என்றேன்.

தம்பிகளே, நம் தொழிலில் கஷ்டமான வேலை அதுதான். கொதிக்கிற வண்டியைச் சுற்றி நாலு பேர் நிற்கும்போது சும்மா இருப்பது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவர்களைச் சும்மா நிற்க விடாதீர்கள், பதறுகிற கைக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான் மண்டோரிடமும் பாக்கியத்திடமும் சீர்க் குடங்களைக் கொடுத்து, மேட்டுக்குக் கீழே ஓடுகிற பாரிட்டிலிருந்து தண்ணீர் மொண்டுவரச் சொன்னேன். பாரிட் என்றால் தோட்டத்து வடிகால், தெரியும்தானே. கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டோர் ஓடினார்.

அஞ்சலை காருக்குள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். தாயார் மட்டும் ஓயாமல் முணுமுணுத்தார். “எந்திருச்சிப் போயிருவாங்க. எந்திருச்சிப் போயிருவாங்க.” எனக்கு எஞ்சினை விட அந்த முணுமுணுப்புதான் கலக்கமாக இருந்தது.

மண்டோர் திரும்பிவந்து குடத்தை இறக்கும் நேரத்தில் பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. மரைக்காயர். லுக்குட்டில் துணிக் கடை வைத்திருப்பவர். மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருவார். அஞ்சலை உடுத்தியிருந்த கூறைச் சேலை அவர் கொடுத்ததுதான், தோட்டங்களைச் சுற்றிவிட்டுக் கல்யாணத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். இறங்கினார், காரைச் சுற்றி வந்தார், மூக்கைச் சுளித்தார்.

“என்னா தம்பி, ஸ்டோர் நாத்தம் வருது? இந்தக் காட்டுல யாரு ஷீட்டுக்குப் பால் காச்சுறது?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் ஒருவருக்கும் அந்த வாடை தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் துணியில், தலைமுடியில், சோற்றில்கூட அந்த வாடைதானே. புதுத் துணிகளுக்கு நடுவில் வாழ்கிற மனிதருக்குத்தான் தெரிந்தது. நான் குனிந்து ரேடியேட்டர் ஆவியை முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, வெந்த ரப்பர்.

எனக்கு மூளைக்கு ஏறிய கோபத்தில் “எவன்டா என் காரைக் கெடுத்தது” என்று கத்தப் போனேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கத்தியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? நானில்லை, நானில்லை என்று எல்லோரும் சாமி மேல் சத்தியம் செய்திருப்பார்கள். உள்ளே என்ன போயிருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாமல் நான் கல்யாணம் முடியும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அதனால் வாயில் வந்ததை விழுங்கிவிட்டு வேறு மாதிரி கேட்டேன்.

“இந்தக் காருக்கு யாரோ நல்லது செஞ்சிருக்காங்க. என்ன செஞ்சாங்கன்னு சொன்னா எனக்கு வேலை லேசாப் போயிரும்.”

மண்டோர் குடத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“பால்தான் ஊத்துனேன்.”

“எவ்வளவு?”

“ஒரு கோப்பை.” மகளைப் பார்த்தார். “ரெண்டு கோப்பை.”

“வெறும் பாலா மண்டோரே?”

“உறைய வேணாமா? ஒரு கரண்டி ஆசிட்டும்தான்.”

ஸ்டோர் மண்டோர் அல்லவா, எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயாருக்கு வரவில்லை. “அட பாவி மனுசா, பெத்த மகளுக்கு நீயே வெனையா வந்தியா” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“எம்பொண்ணு போற கார் வழியில ஒழுகி நிக்கக் கூடாதுன்னுதாங்க செஞ்சேன்” என்றார் மண்டோர். அதற்கு மேல் யாராலும் அவரைத் திட்ட முடியவில்லை.

நடந்தது இதுதான். முந்தின நாள் மாலை அவர் ஊற்றிய பால் ஆசிட் பட்டு ராவோடு ராவாக உள்ளே உறைந்து, ரேடியேட்டரின் குழாய்களை அடைத்துக்கொண்டது. ஒழுகல் நின்றது உண்மை. கூடவே தண்ணீர் ஓடுவதும் நின்றுவிட்டது. ஓடாத தண்ணீர் கொதிக்காமல் என்ன செய்யும்?

மரைக்காயர் சைக்கிளை நிமிர்த்தினார். “தம்பி, நான் முன்னால போறேன். அந்தப் பெரியப்பாகிட்ட என்னான்னு சொல்லட்டும்? கார் வருதுன்னா, வராதுன்னா?”

நால்வரும் என் முகத்தையே பார்த்தார்கள். அன்றைக்கு நான் செய்த வேலையில் கஷ்டமானது எது என்று கேட்டால் அந்த ஒரு பதில்தான். வராது என்றால் பெரியப்பா அப்போதே மாலையைக் கழற்றச் சொல்லிவிடுவார். வருகிறது என்று சொல்லி வராமல் போனால் மண்டோர் குடும்பம் லுக்குட் பக்கமே தலைகாட்ட முடியாது. நடந்து போனாலோ முகூர்த்தம் தாண்டிவிடும். இன்னதுதான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. என்னவென்று தெரியாத கோளாறாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். தெரிந்த கோளாறுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று துணிந்தேன்.

“வருதுன்னு சொல்லுங்க.”

“எப்பன்னு கேட்டா?”

“அத மட்டும் நீங்க சொல்லாதீங்க.”

“அந்த ஆள நான் பேச்சுல புடிச்சு வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மரைக்காயர் மேட்டில் மிதித்துப் போனார்.

ஆவி அடங்கியதும் துணியைப் போட்டு மூடியைத் திறந்தேன். வாயை அடைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு கட்டி. கம்பியை விட்டு இழுத்தால் பிய்ந்து துண்டு துண்டாக உள்ளே போகிறது. துண்டுகள் போனால் குழாய்கள் இன்னும் இறுகும். முழுதாக, பிய்யாமல் வர வேண்டும். என் விரல்களுக்கு அந்த வாய் போதவில்லை. மண்டோர் கை இன்னும் மோசம். பாக்கியம் முயன்றாள், மணிக்கட்டு வரை போய்ச் சிக்கிக்கொண்டது. கார்க் கதவு திறந்து அஞ்சலை இறங்கினாள். வளையல்களைக் கழற்றிப் பாக்கியத்திடம் கொடுத்தாள்.

தாயார் பாய்ந்து வந்தார். “அடியே, காப்புக் கட்டுன கை! தாலி ஏறுறவரைக்கும் ஒரு துரும்ப எடுக்கக் கூடாது. மரத்துப் பால்ல வைக்கிறியா?”

“நம்ம பால்தானே ஆத்தா. நம்ம கையாலயே எடுத்துருவோம்” என்றாள் அஞ்சலை. அப்பாவைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்தது.

கொட்டாங்கச்சியில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலை மரம் வெட்டுகிற பெண்கள் எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓரத்தை நகத்தால் கிளப்பி, சுற்றி விட்டு, இழுப்பது தெரியாமல் இழுப்பார்கள். அஞ்சலை அப்படித்தான் எடுத்தாள். மருதாணிக் கை ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பியது, திரும்பியது, மெல்ல மேலே வந்தது. கட்டியும் வந்தது, அதன் அடியில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு வாலாக இடியாப்பம் மாதிரி நீண்டுகொண்டே வந்தது. ஒன்றுகூட அறவில்லை. பாக்கியம் கைதட்டினாள்.

“மாமா, மொதத் தரம்! புகையில போட்டா ஷீட்டாயிரும்!”

மண்டோர் பழக்கதோஷத்தில் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். “ஆசிட்டு கொஞ்சம் தூக்கல்” என்றார். தாயாரும் சிரித்துவிட்டார்.

கீழ்க் குழாயைக் கழற்றி, குடம் குடமாக ஊற்றி மீதியை அலசி எடுத்தேன். மாட்டினேன், நிரப்பினேன், எஞ்சினைக் கிளப்பினேன். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டருக்குக் கீழே சொட்டு, சொட்டு, சொட்டு. அடைப்பு போனதும் பழைய ஒழுகல் திரும்பிவிட்டது.

“பாத்தீங்களா? ஓட்டைன்னு சொன்னேன்ல” என்றார் மண்டோர். பாதி துக்கம், பாதி பெருமை.

அப்படியே கிளம்பி வழிநெடுக ஊற்றிக்கொண்டே போகலாமா என்று யோசித்தேன். ஆனால் இனி வழியில் தண்ணீர் கிடைக்கும் இடம் லுக்குட்தான். மறுபடி கொதித்தால் அதோடு சரி. இங்கேயே கண்டுபிடிக்க வேண்டும். எல்லா இடமும் நனைந்திருக்கும்போது எது முதலில் நனைந்தது என்று எப்படிப் பார்ப்பது? சீர்த் தட்டில் விபூதிப் பை இருந்தது. எடுத்து வரச் சொன்னேன். எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டரின் முதுகு, குழாய் மூட்டுகள், தண்ணீரைத் தள்ளுகிற பம்பு எல்லாவற்றையும் துண்டால் ஒற்றி, விபூதியை அள்ளி அப்பினேன்.

நிமிர்ந்து பார்த்தால் மண்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். தாயார் கண்ணை மூடிக் கையைக் கூப்பி நிற்கிறார். தேங்காயை யார் உடைத்தார்கள் என்று தெரியவில்லை. பாக்கியம் தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியைக் கிழிக்கப் போகிறாள்.

“அடியே, பெட்ரோலு! கொளுத்தாதே!” என்று கத்தினேன். அன்றைக்கு நான் கத்தியது அது ஒரு தடவைதான், அதற்கு நியாயம் இருந்தது.

எஞ்சினைக் கிளப்பிக் குனிந்து பார்த்தேன். விபூதி முதலில் கறுத்தது ரேடியேட்டரில் இல்லை. பம்பின் தண்டு வெளியே வருகிற இடத்தில். அங்கிருந்து பொட்டுப் பொட்டாக நீர் இறங்கி விசிறியில் விழுந்தது. விசிறி அதை ரேடியேட்டரின் முதுகில் வீசியது. முதுகில் வழிந்து கீழே சொட்டியது. துரை முதல் லயத்துப் பிள்ளைகள்வரை பழி சொன்ன ரேடியேட்டரில் ஒரு ஊசி ஓட்டைகூட இல்லை. பால் குழாய்களை அடைத்ததில் பம்புக்குத் தண்ணீர் வராமல் போனது, அதனால்தான் ராத்திரி ஒழுகல் நின்றிருந்தது.

சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒட்டினாலும் பார்க்க மாட்டீர்கள். பெரிய மனிதர் ஒருவர் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டால் நம் கண் அங்கேயே போய் நிற்கும், அதுதான் ஆபத்து.

தண்டைச் சுற்றி நீர் கசியாமலிருக்கத் திணிக்கிற நூல் நட்டுக்குள் பொடிப் பொடியாகப் போயிருந்தது. குத்துவிளக்குக்கு வைத்திருந்த பஞ்சுத் திரிகளை வாங்கி, சீர் நெய்யில் தோய்த்து, முறுக்கிச் சுற்றித் திணித்து நட்டை இறுக்கினேன். மறுபடி தண்ணீர், மறுபடி எஞ்சின். புதிதாகப் பூசிய விபூதி வெள்ளையாகவே இருந்தது. எல்லோரையும் ஏறச் சொன்னேன்.

கோயிலில் நாங்கள் இறங்கியபோது பெரியப்பா எழுந்துதான் நின்றார். ஆனால் போக முடியவில்லை. அவர் தோளில் ஒரு ஜரிகைத் துண்டு, முழங்கையில் ஒன்று, மரைக்காயர் மூன்றாவதை விரித்து வெயிலில் கரையைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மரைக்காயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது, வாங்க, வாங்க என்று பூசாரி கூப்பிட்டார்.

பெரியப்பா பெண்ணின் கையைப் பார்த்தார். மருதாணிக்கு மேல் கறுப்பு கிரீஸ், விரல் இடுக்கில் ரப்பர் பிசிறு, ஸ்டோர் வாடை.

“நில்லுங்க. ஏன் இவ்வளவு நேரம்? இது யார் செஞ்ச கோளாறு?”

மண்டோர் வாயைத் திறந்தார். அவர் சொல்லியிருந்தால் அதோடு கல்யாணம் முடிந்திருக்கும். பெற்ற தகப்பனே தடங்கல் என்று பெரியப்பாவுக்கு அதைவிடப் பெரிய சகுனம் எங்கே கிடைக்கும்? அஞ்சலை முந்திக்கொண்டாள்.

“யாரும் கோளாறு செய்யல பெரியப்பா. வழியில வண்டிக்கு வேலை வந்துச்சு. செஞ்சிட்டு வந்தோம்.”

“காப்புக் கட்டுன கையாலயா?”

“ஆமா. எனக்கு இந்தக் கல்யாணம் வேணும். அதான் கைய விட்டேன்.”

கோயிலில் மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அந்தக் காலத்தில் கல்யாணப் பெண் தாகமாயிருக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டாள். மணையில் உட்கார்ந்திருந்த பழனி அவளை நிமிர்ந்து பார்த்தான். காது நுனிவரை சிவந்திருந்தான்.

“எனக்கும் வேணும் பெரியப்பா. நம்ம லாரியும் இதே நாத்தம்தான். உக்காருங்க, நேரம் போவுது.”

பெரியப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த ஜரிகைத் துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். தாலி ஏறியது. எனக்குக் கண் கலங்கியது, கற்பூரப் புகை என்று சொல்லிவிட்டேன். அந்தத் துண்டைப் பெரியப்பா கடைசியில் வாங்கித்தான் தீர வேண்டியிருந்தது.

சாப்பாடெல்லாம் முடிந்து வெயில் தாழ்ந்ததும் திரும்பினோம். பெண்ணோடு தாயாரும் பாக்கியமும் மாப்பிள்ளை வீட்டில் தங்கிவிட்டார்கள். மறுநாள் பால் வாங்க ஆள் வேண்டுமே, மண்டோர் மட்டும் என்னோடு வந்தார். கார் அவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை. நான் ஏதேதோ கேலி பேசிக்கொண்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை.

லுக்குட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே, “டிரைவரே, நிறுத்தித் தண்ணி பாருங்க. சூடாயிருக்கும்” என்றார். நிறுத்திப் பார்த்தேன். கழுத்துவரை இருந்தது. சொன்னேன். தலையாட்டினார்.

மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கியதும் மறுபடி சொன்னார். “ஒழுகுற மாதிரி சத்தம் கேக்குது.”

ஒரு சத்தமும் இல்லை. சொல்லத் திரும்பினேன். அவர் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அஞ்சலை உட்கார்ந்திருந்த இடம் அது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதருக்கு வீடு போய்ச் சேர வேண்டாம். விளக்கேற்ற மகள் இல்லாத வீடு.

தம்பிகளே, எஞ்சினில் ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்தும் வண்டியை நிறுத்த வேண்டிய நேரம் உங்களுக்கும் வரும். அப்போது வாதாடாதீர்கள்.

ஓரம் கட்டினேன். இறங்கிப் பானட்டைத் தூக்கி, மூடியைத் திறந்தேன். ஒரு சொட்டு குறையவில்லை.

“கொஞ்சம் கொறஞ்சிருக்கு மண்டோரே. ஊத்தணும்” என்றேன்.

“நீங்க இருங்க. நான் போயி மொண்டுட்டு வர்றேன்.”

வரும்போது லுக்குட்டில் வாங்கிப் போட்டிருந்த வாளியை எடுத்துக்கொண்டு பாரிட் பக்கம் இறங்கிப் போனார். வெகுநேரம் வரவில்லை. நான் ஹாரன் அடிக்கவில்லை.